கடலை மிட்டாய்ச் சம்பளம்

என் மகள் மூன்றரை வயதில் சம்பளம் வாங்கினாள். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கம்பெனியில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது அவளும் போய்க் கடைசியில் நிற்பாள். அவள் முறை வந்ததும் என் கணவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "இந்த வாரம் லீவு போட்டீங்களா?" என்று கேட்பார். "இல்லீங்க" என்பாள். அவள் கையில் ஒரு கடலை மிட்டாயை வைப்பார். அதை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். ஒன்றே ஒன்றை எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். டெய்லர்கள் எண்ணினார்கள், அவளும் எண்ணினாள்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். திருப்பூரில் தகரக் கூரைக்குக் கீழே நாலு தையல் மெஷின் ஓடினாலே அது கம்பெனிதான். எங்களுடையது வீட்டை ஒட்டிய ஒரு ஷெட். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாக அனுப்பும். நாங்கள் டி-ஷர்ட்டாகத் தைத்து, பிசிறு வெட்டி, குறை பார்த்து, அயர்ன் போட்டுத் திருப்பிக் கொடுப்போம். நூல் வாங்குவது, அந்தக் கம்பெனிக்காக நிட்டிங்கிலும் சாயப்பட்டறையிலும் துணி ஏற்றுவது, தைத்ததை இறக்குவது என்று என் கணவர் சரக்கு வண்டியில் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருப்பார். ஷெட்டுக்குள் நடப்பதெல்லாம் என் பொறுப்பு. செக்கிங் டேபிளில் என் கண்ணைத் தாண்டி ஒரு ஓட்டை வெளியே போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மகள் பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்களெல்லாம் ஒரே கேள்வி கேட்டார்கள். "புள்ளைய என்ன பண்ணப் போறே?" என்னமோ கையில் ஒரு பார்சல் வைத்துக்கொண்டு எங்கே இறக்குவது என்று தெரியாமல் நான் நிற்பதைப் போல. எங்கள் தெருவில் அதற்கு மூன்று வழிகள் இருந்தன. ஊரில் பெரியவர்களிடம் விடுவது. இரண்டு வயது முடிந்ததும் பிளே ஸ்கூலில் தள்ளுவது. இரண்டுக்கும் வசதியில்லாதவர்கள் வீட்டைப் பூட்டிக் குழந்தை கையில் போனைக் கொடுத்துவிட்டுப் போவது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஷிஃப்டுக்குப் போனால்தான் அடுப்பு எரியும். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வேலை செய்கிற இடமும் வீடும் ஒன்றாக இருக்கும்போது என் பிள்ளை என்னோடுதான் இருப்பாள் என்று சொல்லிவிட்டேன்.

அவள் செக்கிங் டேபிளுக்கு அடியில் வளர்ந்தாள். தவழும்போது வெட்டிய துணித் துண்டுகள்தான் அவளுக்கு மெத்தை. உட்காரத் தெரிந்ததும் அந்தத் துண்டுகளைக் கலர் கலராகப் பிரித்து வைக்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் மேலே செய்துகொண்டிருந்ததை அவள் கீழே செய்தாள். பிறகு டி-ஷர்ட்டின் கைப்பகுதித் துணிகளை ஜோடி சேர்த்தாள். இடது கை, வலது கை, பெரிய கை, சின்னக் கை. இரண்டு இடது கைகளைச் சேர்த்து வைத்துவிட்டு, ஏதோ சரியில்லையே என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வாயைத் திறக்க மாட்டேன். எனக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடைசியில் அவளே ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பார்த்து, எடுத்து எறிந்து, வேறொன்றைத் தேடுவாள்.

ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் பிளாட்லாக் தையல் மெஷினில் இருந்தாள். பீஸ் எண்ணும்போது சத்தமாக இந்தியில் எண்ணுவாள். என் மகள் அவளோடு சேர்ந்து இந்தியில் எண்ணினாள். திருநெல்வேலிப் பக்கத்து டெய்லர் ஒருவரிடம் மட்டும் "என்னவே" என்று பேசுவாள். என்னிடம் திரும்பி "ஏனுங்கம்மா" என்பாள். யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது பேசுவதைவிடப் பெரிய படிப்பு. வயதானவர்கள் பலருக்கே அது வரவில்லை.

நான் பன்னிரண்டாவது வரைக்கும்தான் படித்தேன். குழந்தை வளர்ப்பைப் பற்றி எந்தப் புத்தகமும் படித்ததில்லை. ஆனால் ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சட்டையை மாட்ட வேண்டுமென்றால் சுவரில் முதலில் ஒரு ஆணி இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் நாளைக்குச் சட்டை சட்டையாகக் கொண்டுவந்து கொடுக்கும். எழுத்து, எண், பாட்டு, பாடம் எல்லாம் வரும். குழந்தை கண்ணால் பார்த்தது, கையால் தொட்டது, மூக்கால் மோந்தது ஒவ்வொன்றும் ஒரு ஆணி. ஆணி இல்லாத சுவரில் மாட்டினால் எல்லாம் தரையில்தான் கிடக்கும். இதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகமில்லை, இன்றைக்கும் இல்லை.

சந்தேகம் என் கணவரின் அக்காவுக்கு இருந்தது. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவருடைய பையன்கள் இருவரும் படிக்க வெளியூர் போய்விட்டார்கள். பெரிய வீட்டில் அவரும் அவர் கணவரும்தான். வரும்போதெல்லாம் என் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே என்னிடம் சொல்வார்.

"அம்முணி, உன்னையக் கொறை சொல்லல. ஆனாப் பாரு, புள்ள துணிக்குள்ளயே கெடக்குது. என்கிட்டத் தாட்டி உடு, நான் வெச்சுப் பாத்துக்கறேன். என்ற ஸ்கூல்லயே எல்கேஜி சேத்தறேன். வெள்ளிக்கெழம சாயங்காலம் நானே கொண்டாந்து உட்டுட்டுப் போறேன்."

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. படிப்புக்காகப் பிள்ளையை உறவுக்காரர் வீட்டில் விடுவது சாதாரணம். என் கணவரே அப்படி மாமா வீட்டில் தங்கிப் படித்தவர்தான். அதனால் அவருக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. "ஏன், நான் வளரலயா?" என்று கேட்டார்.

"வளந்தீங்க. பேசத்தான் கத்துக்கல" என்றேன்.

அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் குணம் அப்படி. ஒரு நாளைக்கு அவர் பேசுவதை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பேசி முடித்துவிடலாம். அண்ணி வருத்தப்பட்டுக்கொண்டு போனார், நான் என் மகளை வைத்துக்கொண்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

எங்களுக்கு வேலை தரும் கம்பெனியிலிருந்து அவ்வப்போது ஆடிட் வருவார்கள். தீயணைக்கும் சிலிண்டர் இருக்கிறதா, மருந்துப் பெட்டியில் மருந்து இருக்கிறதா, வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் வேலைக்கான வயது ஆகிவிட்டதா என்று பார்ப்பார்கள். வழக்கமாக முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். நானும் அன்றைக்கு மட்டும் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடுவேன். அந்த முறை சொல்லாமல் வந்தார்கள். கம்பெனி ஆள் ஒருவர், அவரோடு சென்னையிலிருந்து ஒரு மேடம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மேடத்தின் முகத்தில்கூடத் திருப்தி தெரிந்தது. அப்போது டேபிளுக்கு அடியிலிருந்து என் மகள் எழுந்து வந்தாள்.

"வாங்க" என்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியை வரவேற்பது போல.

மேடம் குனிந்தார். "பாப்பா இங்க என்ன பண்றீங்க?"

"வேலைங்க."

"என்ன வேலை?"

"செக்கிங்குங்க. கைய ஜோடி சேக்கோணும். ஓட்டை இருந்தாத் தனியா வெக்கோணும்."

"அப்படியா? சம்பளம் தர்றாங்களா?"

"தர்றாங்க. சனிக்கெழம."

"எவ்வளவு?"

"கடலை மிட்டாய்ங்க. லீவு போட்டா இல்லீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஷெட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சம்பள விளையாட்டை ஆரம்பித்ததே அவர்தான். வீட்டுக்கு வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்து நிறுத்திக்கொண்டேன். வீடும் அதுதான், ஷெட்டும் அதுதான் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"மேடம், என்ற பொண்ணுங்க. சும்மா வெளையாட்டுக்குங்க" என்றேன்.

"தெரியுதும்மா. உங்க பொண்ணுன்னும் தெரியுது, விளையாட்டுன்னும் தெரியுது" என்றார் அவர். "ஆனா விளையாட்டா இல்லாத இடங்களையும் நான் பார்த்திருக்கேன். அங்கேயும் இதைத்தான் சொல்றாங்க."

நான் விடவில்லை. இவளுக்கு இதுதான் பள்ளிக்கூடம் என்றேன். கலர் தெரியும், ஜோடி தெரியும், மூன்று பாஷை தெரியும் என்றேன். என் பிள்ளையைப் பூட்டி வைத்துவிட்டுப் போனைக் கொடுத்தால் உங்கள் சட்டத்துக்குச் சரியாக இருக்குமா என்று கேட்டேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அயர்னிங் டேபிள் பக்கம் போனார். அயர்ன் பாக்ஸுக்கு ஸ்டீம் வரும் குழாய் மேலிருந்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல் பக்கத்தில் கையை நீட்டிக் காட்டினார். என் மகளின் முகம் வரும் உயரம் அது.

"இது எந்தப் பாடம்?" என்று கேட்டார்.

அவர்மேல் எரிச்சலாக வந்தது. எரிச்சலுக்குக் கீழே, அவர் சொல்வது நியாயம் என்றும் தெரிந்தது. அடுத்த மாதம் திரும்ப வருவேன், அப்போதும் குழந்தை உள்ளே இருந்தால் கம்பெனி உங்களுக்கு வேலை தராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே என் கணவர் அக்காவுக்குப் போன் செய்துவிட்டார். செய்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.

"வேற வழியில்ல. அக்காகிட்டத் தாட்டி உட்ரலாம்."

நான் சண்டை போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்டதிலேயே நல்ல சண்டை அது. வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிற பிள்ளை எனக்கு விருந்தாளி, மகள் இல்லை என்றேன். அவள் முதன்முதலாகக் கேட்கிற கேள்வியெல்லாம் என் காதில் விழ வேண்டும் என்றேன். கத்திக்கொண்டிருந்தபோதே அழுதும்விட்டேன். அவர் பயந்துபோனார். நான் கத்துவது அவருக்குப் பழக்கம், அழுவது பழக்கமில்லை.

"சரி, புள்ளய எங்க வெப்பே?" என்று கேட்டார்.

"உங்க வண்டியில."

"என்ற வண்டியிலயா?"

"அடுத்த ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கற வரைக்கும் அவ உங்ககூட வரட்டும். அதுக்கு முன்னால அண்ணி வந்து பாக்கட்டும். அப்பவும் உங்களுக்கு அக்கா ஊடுதான் நல்லதுன்னு பட்டா, நானே பெட்டி கட்டித் தர்றேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொன்னதை அவர் நம்பியிருக்க மாட்டார். ஆனாலும் ஒத்துக்கொண்டார். அண்ணியும் போனில் சரி என்றார். மே மாதம் வருகிறேன், வந்து அவளைக் கூட்டிப் போகிறேன் என்றார். வந்து பார்க்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. கூட்டிப் போகிறேன் என்றார். அந்த வித்தியாசம் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

வண்டியின் முன்சீட்டில் அவளுக்கென்று ஒரு குழந்தை சீட்டும் பெல்ட்டும் போட வைத்தேன். சாயப்பட்டறை வந்தால் வெளி ஆபீஸ் ரூமைத் தாண்டிக் கூட்டிப் போகக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். ஸ்டீம் குழாய்ப் பாடம் எனக்கு ஒரு தடவை போதும்.

முதல் நாள் சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்கியதும் மகளிடம், "இன்னைக்கு என்ன பாத்தே கண்ணு?" என்றேன்.

"போன்" என்றாள்.

அவரைப் பார்த்தேன். "அழுகாம இருக்கட்டும்னு..." என்று இழுத்தார்.

"வண்டியில அவ கையில போன் இருந்தா, நாளைக்கிருந்து கொழம்புல உப்பு இருக்காது" என்றேன்.

"அப்ப என்னத்தப் பண்றது? என்னத்தப் பேசறது?" உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. மூன்று வயதுப் பிள்ளையிடம் பேச என்ன இருக்கிறது என்று அவர் முகமே கேட்டது.

"பாக்கறதப் பேசுங்க. எங்க போறீங்கன்னு சொல்லுங்க, எதுக்குப் போறீங்கன்னு சொல்லுங்க. அவ கேட்டாப் பதில் சொல்லுங்க. தெரியலீன்னா தெரியலைன்னே சொல்லுங்க. சொல்லிட்டு, நீ என்ன நெனைக்கறேன்னு அவளையே கேளுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பண்ணித்தான் பாருங்களே."

அடுத்த வாரமே சாப்பிடும்போது அவராகவே ஒரு கதை சொன்னார். எனக்குச் சோற்றுக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது, அவராகப் பேசியது அவ்வளவு அதிசயம். வீரபாண்டியில் ஒரு நிட்டிங் கம்பெனிக்குத் துணி ஏற்றப் போயிருக்கிறார்கள். நூலைத் துணியாக்கும் மெஷின் வட்டமாகச் சுற்றும். துணியும் குழாய் மாதிரிச் சுற்றிக்கொண்டே கீழே இறங்கும். வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இவள், "ஏனுங்கப்பா, துணிக்குத் தலை சுத்தாதா?" என்று கேட்டிருக்கிறாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியலயே அம்முணி, நீ என்ன நெனைக்கறேன்னு கேட்டேன்."

"அவ?"

"அது கண்ண மூடிக்கும்னா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "எத்தன வருசமா அந்த மெஷினப் பாக்கறேன். எனக்கு இப்படித் தோணுனதே இல்ல."

அதற்குப் பிறகு அவர் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக வழி மாற ஆரம்பித்தது. காங்கேயத்தில் ஒரு வேலை என்றால் அதை முடித்துவிட்டு எண்ணெய் மில் பக்கம் நிறுத்துவார். களத்தில் காயப் போட்ட தேங்காய்ப் பருப்பின் நடுவே அவளை விடுவார். அவள் திரும்பி வரும்போது தலை முதல் கால் வரை கொப்பரை வாசம் வரும். வழியில் காங்கேயம் மாடு நின்றால் வண்டி நிற்கும். திமிலைப் பார்த்துவிட்டு, "மாடு மூட்டை தூக்குதா?" என்று கேட்டாளாம். அவருக்கும் தெரியவில்லை. திமில் எதற்கு என்று மாட்டுக்காரர் ஒருவரிடம் போய் விசாரித்திருக்கிறார். டெலிவரி தாமதமானது. கம்பெனியிலிருந்து எனக்குத்தான் போன் வந்தது. டிராஃபிக் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் கொமரலிங்கம் போனோம். அமராவதி ஆற்றில் கால் நனைத்துவிட்டு வயல் ஓரமாக நடந்தோம். நெற்கதிரை உருவி அவள் கையில் கொடுத்தேன். நெல் என்று மட்டும் சொன்னேன். சில நாள் கழித்து அவர் காங்கேயத்தில் ஒரு அரிசி மில்லைக் காட்டியிருக்கிறார். ஒரு பக்கம் நெல் போவதையும் இன்னொரு பக்கம் உமி வருவதையும் பார்த்திருக்கிறாள். இரண்டையும் நாங்கள் யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி தட்டில் இருந்த சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இதோட சட்டையக் கழட்டிட்டாங்கம்மா. மில்லுல" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாங்கள் தைக்கிறவர்கள், அதனால் உமி அவளுக்குச் சட்டை. வயலையும் மில்லையும் தட்டையும் ஒரே கோட்டில் அவளாகவே கோத்துவிட்டாள். நாளைக்கு ஒரு டீச்சர் போர்டில் 'நெல்' என்று எழுதினால், அந்த எழுத்து போய்த் தொங்குவதற்கு இவளுக்குள் ஒரு இடம் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

ஆடிட் மேடம் சொன்னபடி திரும்ப வந்தார். அயர்னிங் டேபிளைத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் மாற்றியிருந்தேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா உங்க செக்கிங் மேடம்?" என்று கேட்டார்.

"வேலைய உட்டு நின்னுட்டாங்க. இப்ப வண்டியில போறாங்க" என்றேன்.

"டிரைவராவா?" என்று கேட்டுவிட்டு அவர் முதல் தடவையாகச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அவர் வராமல் இருந்திருந்தால் என் மகள் அந்த டேபிளுக்கு அடியிலேயே இருந்திருப்பாள், அவள் அப்பா வண்டியில் தனியாகவே போய்க்கொண்டிருந்திருப்பார்.

வேலை தப்பியது. மகள் தப்புவாளா என்பதுதான் மிச்சம் இருந்தது. ஏப்ரல் வந்ததும் காலண்டரில் மே மாதத் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். தெருவில் அவள் வயதுப் பிள்ளைகள் ஏ, பி, சி, டி எழுதினார்கள். கையைக் காலை ஆட்டி இங்கிலீஷில் பாட்டுப் பாடினார்கள். என் மகளுக்குப் பென்சில் பிடிக்கவே தெரியாது. நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது சரி என்று வேறு யாருடைய கண்ணுக்காவது தெரியுமா என்பதில்தான் பயம். முக்கியமாக, வாக்குக் கொடுத்தபடி முடிவு என் கையில் இல்லை, அவர் கையில் இருந்தது. அவரோ என்ன நினைக்கிறார் என்று வாய் திறந்து சொல்லவே இல்லை. மகளோடு பேசக் கற்றுக்கொண்டவர் என்னோடு பேச இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி வந்தார். கையில் ஒரு பெரிய படச் சார்ட். இன்னொரு கையில் காலியான ஒரு சின்னப் பெட்டி. பெட்டியைப் பார்த்ததும் நான் டீ போடப் போய்விட்டேன். சர்க்கரை போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டேன்.

அண்ணி என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சார்ட்டைத் தரையில் விரித்தார். அவர் மிரட்டுகிற டீச்சர் இல்லை. அன்பாகத்தான் கேட்டார்.

"ஏ, பி, சி, டி சொல்லு கண்ணு."

என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எஸ், எம், எல், எக்ஸ்எல்" என்றாள்.

எங்கள் ஊரில் இப்படிச் சொல்லாத பிள்ளை கிடையாது என்று நினைக்கிறேன். அட்டைப் பெட்டியிலும் லேபிளிலும் அவள் பார்த்த எழுத்துகள் அவைதான். அண்ணி சிரித்தார். ரைம்ஸ் கேட்டார். தெரியவில்லை. எண்ணச் சொன்னார். பாதி இந்தியிலும் பாதி தமிழிலும் எண்ணினாள். ஆப்பிள் படத்தைக் காட்டினார். "ஆப்பிளுங்க" என்றாள். அதோடு நிற்கவில்லை.

"அத்தை, இதுக்கு மரம் எங்கே?"

"படத்துல இல்ல கண்ணு."

"அப்ப எதுல இருந்து பறிச்சாங்க?"

அண்ணி அவள் தலையைத் தடவிவிட்டு என் கணவரைப் பார்த்தார்.

"பாத்தியாடா? கெட்டிக்காரப் புள்ள. இனியும் நேரத்தப் போக்கக் கூடாது. ஜூன்ல சேத்தாத்தான் மத்த புள்ளைங்களப் புடிக்க முடியும்." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கட்டில்கூட வாங்கிட்டேன். சின்னதா, கம்பி வெச்சது" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. யாரும் இல்லாத அந்தப் பெரிய வீட்டில், புதிதாக வாங்கிய சின்னக் கட்டிலுக்கு அவர் விரிப்பு விரித்துப் பார்த்திருப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். பேசவில்லை.

என் கணவர் டீயைக் குடித்து முடித்தார். இனிப்பு ஜாஸ்தி என்றுகூடச் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்லீங்க அக்கா" என்றார்.

"என்னடா இல்ல?"

"இந்த வருசம் இங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துலயே சேத்தறனுங்க. இவ கேக்கறதுக்குப் பாதிக்கு எனக்குப் பதில் தெரியலீங்க. விசாரிச்சிட்டிருக்கறேன். எல்லாம் தெரிஞ்சதுக்கப்பறம் தாட்டி உடறேன்."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அண்ணியே கேட்டிருக்க மாட்டார். டீச்சர் இல்லையா, சட்டென்று விட்டுவிடவில்லை. குழந்தையைத் திருப்பித் தன் முகத்தைப் பார்க்க வைத்தார்.

"நீ சொல்லு கண்ணு. அத்தை ஊட்டுக்கு வர்றியா? புதுக் கட்டில் இருக்குது."

என் மகள் யோசித்தாள். பிறகு அத்தையின் காதுக்குப் பக்கத்தில் போய், எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னாள்.

"வர முடியாதுங்க அத்தை. அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது. எதப் பாத்தாலும் என்னையத்தான் கேக்கறாங்க. நான் வந்துட்டா, பாவம், வண்டியில யாரு சொல்லித் தருவா?"

என் கணவர் எழுந்து வண்டிச் சாவியைத் தேடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது. அண்ணி சார்ட்டை மெதுவாகச் சுருட்டினார்.

"இவ இங்கியே இருக்கட்டும்டா" என்றார்.